இரண்டே யூஎஸ்பி-சி போர்ட் உள்ள மடிக்கணினி: எந்த ஹப்பை நம்பி வாங்கலாம்?

அச்சுமை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தபடியே நூல்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்து கொடுப்பவள் நான். 2020இல் வெளிவந்த, ஆப்பிளின் எம்1 சில்லு உள்ள மேக்புக் ஏர்தான் என் வேலைக்கருவி. அதன் இடப்பக்கத்தில் அருகருகே இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டுகளும் வலப்பக்கத்தில் ஹெட்ஃபோனுக்கான துளையும் இருக்கின்றன, வேறெதுவும் இல்லை. மேசையில் நான் அதனோடு இணைக்க வேண்டியவையோ 27 அங்குல 4கே மானிட்டர், அச்சகத்துக்குப் போய்வரும் கையடக்க ஹார்ட் டிஸ்க், புகைப்படக்காரர்கள் கொடுத்தனுப்பும் எஸ்டி கார்டு, மோடத்திலிருந்து வரும் லேன் கேபிள், வயரில்லா மவுஸின் ரிசீவர், இவற்றோடு சார்ஜர்.

இப்போது வைத்திருப்பது ஏழு வசதிகள் ஒன்றாக இருப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஒரு மலிவான ஹப், அதாவது ஒரே போர்ட்டைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் பெட்டி. அதன் பெயரைச் சொல்வதால் பயனில்லை. அச்சு அசலாக அதே பெட்டி பல பெயர்களில் விற்பனையாகிறது. அதனால் எனக்கு நான்கு தொல்லைகள் உள்ளன. மானிட்டர் 4கே தெளிவில் 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 30 படத்துக்கு, மேல் ஏற மறுக்கிறது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்துகள் பின்தங்கி வந்து சேர்வதால் கண் வலிக்கிறது. மடிக்கணினியோடு வந்த 30 வாட் சார்ஜரை ஹப்பில் செருகி வேலை செய்தால் மாலைக்குள் பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்கியிருக்கிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துவது: மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஹார்ட் டிஸ்க் துண்டிக்கப்பட்டு, முறையாக வெளியேற்றாமல் எடுத்துவிட்டீர்கள் என்ற எச்சரிக்கை திரையில் வருகிறது. ஒரு முறை கோப்பு ஒன்று கெட்டும் போயிற்று. நான்காவதாக, ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கும் நேரத்தில் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில் மட்டும் குறை சொல்ல எதுவுமில்லை.

ஐயாயிரம் ரூபாய்க்குள் நல்ல ஹப் ஒன்றை வாங்கலாமா, அல்லது இருபதாயிரத்துக்கு மேல் சொல்லப்படும் தண்டர்போல்ட் டாக் (அதிவேக இணைப்பில் ஓடும் பெரிய மேசை ஹப்) ஒன்றைக் கடன்பட்டாவது வாங்கிவிட வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்தச்சர் எழுதியது:

வணக்கம். மானிட்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் விற்பனைப் பெட்டிகளில் மிக அதிகமாக மழுப்பப்படுவது அந்த விவரம்தான்.

யூஎஸ்பி-சி முனையில் உள்ள 24 பின்களில் வேகமான தரவுக்கென ஒதுக்கப்பட்டவை நான்கு தடங்கள். படத்தை வெளியே அனுப்பும்போது மடிக்கணினி இதே தடங்களில் டிஸ்பிளேபோர்ட் என்ற பட இணைப்பு முறையின் சமிக்ஞையை அனுப்புகிறது. ஹப்புக்குள் இருக்கும் ஒரு சில்லு அதை மானிட்டர்களில் பரவலாக உள்ள எச்டிஎம்ஐ முறைக்கு மாற்றித் தருகிறது. நான்கு தடங்களையும் படத்துக்கே கொடுத்துவிட்டால் ஹப்பின் மற்ற போர்ட்டுகளுக்கு யூஎஸ்பி 2.0 மட்டுமே, அதாவது விநாடிக்கு 480 மெகாபிட் வழி மட்டுமே, மிஞ்சும். இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் பிரித்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் அதன் முழு வேகத்தில் ஓடும். படத்துக்கான வழி பாதியாகிவிடும். ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில் குறையில்லை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்று கொள்ளலாம்.

இனிக் கணக்கு. 4கே தெளிவில் 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 12.5 ஜிகாபிட் தேவை. டிஸ்பிளேபோர்ட் 1.2 காலத்துச் சில்லு உள்ள ஹப்பில் ஒரு தடம் உண்மையில் சுமப்பது 4.32 ஜிகாபிட், இரண்டு தடங்கள் சேர்ந்தாலும் 8.64தான். ஆகவே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. டிஸ்பிளேபோர்ட் 1.4 சில்லாக இருந்தால் ஒரு தடத்துக்கு 6.48 ஜிகாபிட் கிடைக்கும். இரண்டுக்கும் சேர்த்து 12.96 ஆகும்போது 60 ஹெர்ட்ஸ் படம் மயிரிழையில் உள்ளே அடங்கிவிடும். உங்கள் மேக்புக்கின் போர்ட் 1.4ஐ ஆதரிக்கிறது, குறை ஹப்பில்தான். எனவே பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் '4கே' என்ற சொல்லை நம்ப வேண்டாம். 30 ஹெர்ட்ஸும் 4கேதான். '4கே 60 ஹெர்ட்ஸ்' என்பதும், அதே ஹப்பில் யூஎஸ்பி வேகம் 5 அல்லது 10 ஜிகாபிட் என்பதும் ஒருங்கே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் எழுதி மற்றொன்றை எழுதாமல் விட்டிருந்தால், எழுதாததைத்தான் அவர்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

வாங்குவதற்கு முன் மானிட்டரையும் கேபிளையும் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை உள்ள 4கே மானிட்டரில் எந்த ஹப்பைப் போட்டாலும் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். 60க்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், கேபிளும் 18 ஜிகாபிட் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். மானிட்டரின் பின்புறம் டிஸ்பிளேபோர்ட் துளை இருந்தால் யூஎஸ்பி-சியிலிருந்து நேரே அதற்குச் செல்லும் கேபிள் ஒன்றைக் கடன் வாங்கியாவது இணைத்துப் பாருங்கள். அதில் 60 வந்துவிட்டால் மானிட்டரிலும் மடிக்கணினியிலும் குற்றமில்லை என்பது உறுதியாகும்.

சார்ஜ் இறங்குவதற்கான காரணமும் கணக்குதான். ஹப் தனக்கும் தன்னில் செருகப்படும் கருவிகளுக்குமாக 10 முதல் 15 வாட் வரை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் மடிக்கணினிக்குத் தரும். 100 வாட் ஹப் என்று விற்கப்படுபவற்றில் '85 வாட் வெளியீடு' என்று சிறிய எழுத்தில் இருப்பது இதனால்தான். 30 வாட் சார்ஜரில் 15 போனால் மிஞ்சுவது 15. வடிவமைப்பு மென்பொருள் ஓடும்போது, திரையும் வெளிச்சமாக இருந்தால், அது போதாது. மேக்கில் உள்ள சிஸ்டம் ரிப்போர்ட் என்ற விவரப் பட்டியலில் பவர் பகுதியைத் திறந்தால் மடிக்கணினி இப்போது எத்தனை வாட் சார்ஜரைக் காண்கிறது என்பது எண்ணாகவே தெரியும். 65 வாட் சார்ஜர் ஒன்றை ஹப்பில் செருகினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

கரிசல்காடு எழுதியது:

மின்தச்சர் சொன்ன மானிட்டர் கணக்கோடு எனக்கு முழு உடன்பாடு. சார்ஜர் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். 65 வாட் சார்ஜர் பேட்டரியை ஏற்றிவிடும். ஆனால் அச்சுமை அவர்களை மிகவும் அச்சுறுத்துவதாகச் சொன்ன மூன்றாவது தொல்லை அப்படியே நிற்கும். அது ஏன் நடக்கிறது என்பதைப் பார்த்தால், காசு செலவழிக்காமலே அதைத் தீர்க்க வழியிருப்பது தெரியும்.

சார்ஜர் ஹப்பில் செருகப்பட்டிருக்கும்போது மின்சாரம் ஹப்பிலிருந்து மடிக்கணினியை நோக்கிப் பாய்கிறது; ஹார்ட் டிஸ்க்குக்கும் அந்தச் சார்ஜரே ஊட்டுகிறது. சார்ஜருக்கு வரும் மின்சாரம் நின்றவுடன் இந்த ஓட்டம் தலைகீழாகத் திரும்ப வேண்டும்: மடிக்கணினி தன் பேட்டரியிலிருந்து ஹப்புக்கு ஊட்டத் தொடங்க வேண்டும். இந்த மாற்றம் இடைவெளியில்லாமல் நடப்பதற்கென்றே யூஎஸ்பி மின்வழங்கல் விதிகளில் ஓர் ஏற்பாடு உள்ளது. ஆனால் அதைச் செயல்படுத்தாத ஹப்புகள் ஏராளம். அத்தகைய ஹப் ஒரு கணம் முழுவதும் அணைந்து மீண்டும் உயிர்பெறும். அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 5 வோல்ட் அறுந்துபோகிறது. மின்சாரம் திரும்ப வரும்போதும், நீங்களே சார்ஜரைப் பிடுங்கிச் செருகும்போதும்கூட இதுவே நடக்கலாம். இன்வெர்ட்டர் எவ்வளவு விரைவாக எடுத்துக்கொண்டாலும், சார்ஜர் அந்த இடைவெளியைத் தாங்காவிட்டால் விளைவு ஒன்றுதான். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், மாறும் நேரம் குறையும். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

தீர்வு எளிது. சார்ஜரை மடிக்கணினியின் ஒரு போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஹப்பை மற்றொரு போர்ட்டில் போடுங்கள். அப்போது ஹப்புக்கு எப்போதும் ஊட்டுவது மடிக்கணினியே. மின்சாரம் நின்றால் மடிக்கணினி பேட்டரிக்கு மாறும். அது ஹப்புக்குத் தெரியவே தெரியாது. உங்கள் 30 வாட்டும் பிடித்தம் இல்லாமல் உள்ளே சென்று, பிறகு ஹப்புக்குத் தேவையானது அங்கிருந்து வரும். இந்த வகைப் போர்ட் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 15 வாட் வரை தர வல்லது. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு யூஎஸ்பி 3 போர்ட்டின் வரம்பான 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட், போதும். எச்டிஎம்ஐ மாற்றி, லேன், மவுஸ் எல்லாம் சேர்ந்தாலும் மிச்சமிருக்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் போட்டால்தான் இழுபறி ஏற்படும். ஹப்பில் யூஎஸ்பி 2.0 என்று குறிக்கப்பட்ட போர்ட்டுக்கான வரம்பு 500 மில்லி ஆம்பியர்தான் என்பதால் ஹார்ட் டிஸ்க்கை அதில் போடாதீர்கள்.

ஒரே கேபிளைச் செருகினால் எல்லாம் இயங்க வேண்டும் என்ற ஆசைதான் சார்ஜரையும் ஹப்புக்குள் கொண்டுவந்தது. நாள் முழுவதும் ஒரே மேசையில் இருக்கும் கணினிக்கு இரண்டு கேபிள் செருகுவது ஒரு சுமையா என்று யோசியுங்கள்.

டாக் பற்றியும் இதே கோணத்தில் ஒரு சொல். தண்டர்போல்ட் டாக் தனக்கென ஒரு பெரிய மின் அடாப்டரோடு வரும். சுவரிலிருந்து மின்சாரம் நின்றால் டாக் மொத்தமாக அணையும், அதில் உள்ள டிஸ்க்குகளும் அணையும். யூபிஎஸ் இல்லாமல் நம் ஊரில் அதை வாங்குவது, இருக்கிற தொல்லையைப் பெரிய விலை கொடுத்துப் புதுப்பிப்பதுதான்.

அச்சகத்துக்குப் போகும் ஹார்ட் டிஸ்க் விண்டோஸிலும் திறக்க வேண்டுமென்பதால் எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வடிவில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் என்ற பாதுகாப்பு இல்லை. எழுதும்போது அறுந்தால் ஒரு கோப்பு மட்டுமல்லாமல் கோப்புப் பட்டியலே குழம்பலாம். வேலையை மடிக்கணினியின் உள்வட்டிலேயே செய்து, முடிந்த கோப்பை மட்டும் அதில் நகலெடுப்பது நல்லது.

வடம் எழுதியது:

மவுஸ் திக்குவதற்கு ஹப் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நல்ல ஹப்பிலும் இது நடக்கும். யூஎஸ்பி 3 விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் மூடிக்கொள்ளும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இலேயே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. தரவுச் சமிக்ஞையின் அலைப்பரப்பே அங்கு விழுவதால் அந்த இரைச்சலை வடிகட்டி நீக்கவும் இயலாது. கேபிளுக்கும் முனைக்கும் கவசம் போட்டுக் குறைக்கத்தான் முடியும். உங்கள் மவுஸின் ரிசீவர் வேலை செய்வது அதே 2.4இல். ஹார்ட் டிஸ்க்கின் முனைக்கு ஒரு விரல் தொலைவில் அதைச் செருகிவைத்தால் மவுஸின் மெல்லிய குரல் கேட்காமல் போகிறது. நகல் எடுக்கும்போது மட்டும் திக்குவதற்குக் காரணம் இதுவே.

யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் ஒன்றை வாங்கி, ரிசீவரை ஹப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி மேசைமேல் வைத்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. புளூடூத் மவுஸுக்கு மாறினால் ஒரு போர்ட் மிஞ்சும், ஆனால் புளூடூத்தும் 2.4இல்தான் இயங்குகிறது; ஹப்பை மடிக்கணினியின் உடலோடு ஒட்டி வைக்காமல் கேபிள் உள்ள ஹப்பாக வாங்கித் தள்ளி வைப்பது இரண்டுக்கும் நல்லது. மேக்புக்கின் இரண்டு போர்ட்டுகளிலும் நேரடியாகச் செருகி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும் ஹப்புகளை நான் விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, அவை சார்ஜருக்கென ஒரு போர்ட்டைத் தனியே விடுவதில்லை என்பதால் கரிசல்காடு சொன்ன ஏற்பாட்டைச் செய்யவே முடியாமல் போகும்.

எஸ்டி கார்டு துளையைப் பலரும் கவனிப்பதில்லை. யூஎச்எஸ்-1 வகைக் கார்டு விநாடிக்கு 104 மெகாபைட் வரையிலும், பின்புறம் இரண்டு வரிசைப் பின்கள் உள்ள யூஎச்எஸ்-2 வகை 312 வரையிலும் தரக்கூடியவை. ஆனால் மலிவான ஹப்புகள் பலவற்றில் இந்தத் துளை உள்ளே யூஎஸ்பி 2.0 வழியில் கட்டப்பட்டிருக்கும். நடைமுறையில் 40 மெகாபைட்டைத் தாண்டாது. 64 ஜிபி கார்டு முழுவதையும் இறக்க அரை மணி நேரம் ஆகிற இடத்தில், சரியான துளையாக இருந்தால் 12 நிமிடங்களில் முடிந்துவிடும். புகைப்படக்காரர் வாசலில் காத்திருக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும். கார்டு வேலை உங்களுக்கு அடிக்கடி வருமானால், ஹப்பில் உள்ள துளையை மறந்துவிட்டுத் தனிக் கார்டு ரீடர் ஒன்றை ஹப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டில் போடலாம்.

லேனுக்கு ரியல்டெக் ஆர்டிஎல்8153 சில்லு உள்ள ஹப்பாக இருந்தால் மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றிலும் தனி மென்பொருள் நிறுவாமல் ஓடும். 100 மெகாபிட் லேன் உள்ளவையும் சந்தையில் இருக்கின்றன. விவரப் பட்டியலில் ஜிகாபிட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய விசைப்பலகை எழுதியது:

எந்த நிறுவனத்துடையது என்பதைவிட எந்த மாதிரி என்பதுதான் முக்கியம். பெயர்பெற்ற ஆங்கர், யூகிரீன் போன்ற நிறுவனங்களே 30 ஹெர்ட்ஸ் ஹப்பையும் 60 ஹெர்ட்ஸ் ஹப்பையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்படி விற்கின்றன. பெயரைப் பார்த்து வாங்கியவர் பழைய மாதிரியை வாங்கிக்கொண்டு வருவது வழக்கமாக நடப்பது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் வேகம், வாட், ஹெர்ட்ஸ் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வெளியிடும் விற்பனையாளரை நான் நம்புவேன். 'அதிவேகம்' என்று மட்டும் எழுதுபவரை நம்பமாட்டேன். வசதிகளின் எண்ணிக்கை கூடக்கூட அவை பங்கிட்டுக்கொள்ளும் ஒரே வழி நெருக்கடியாகிறது என்பதால், பதினொன்று பன்னிரண்டு போர்ட் உள்ளவற்றைத் தவிர்த்து, உங்களுக்குத் தேவையான ஐந்தாறு மட்டும் உள்ளதை எடுங்கள்.

ஹப் சூடாவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ மாற்றியும் லேன் சில்லும் வெப்பம் உண்டாக்குபவையே. அலுமினிய உடல் அந்த வெப்பத்தை வெளியே கொண்டுவருவதால்தான் கைக்குச் சுடுகிறது. தொட முடியாத அளவு சுட்டாலோ, சூடேறிய பிறகு லேன் மட்டும் அறுந்து அறுந்து வந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கடையில் பத்து நிமிடம் செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. எனவே திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் மானிட்டர், லேன், பெரிய கோப்பு நகல் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒரு பகல் முழுவதும் வேலை வாங்குங்கள். சிஸ்டம் ரிப்போர்ட்டின் யூஎஸ்பி பகுதியில் ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரே 5 ஜிகாபிட் என்று வருகிறதா, 480 மெகாபிட் என்று வருகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கேபிள் பற்றி இங்கு யாரும் விரிவாகப் பேசவில்லை. மேக்புக்கோடு வரும் சார்ஜர் கேபிள் தரவுக்கு யூஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே கொண்டது. அதில் படம் போகாது. அதைக் கொண்டு மானிட்டரை இணைத்துவிட்டுப் போர்ட் பழுது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. சார்ஜ் செய்வதற்கான சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட், தாங்கும். அதற்கு மேல் செல்ல முனைக்குள் அடையாளச் சில்லு உள்ள 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். உங்கள் 30 வாட்டுக்கு அது தேவையில்லை. யூஎஸ்பி-சி முனையை நீட்டிக்கும் கேபிள்களையும், ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி முனையும் மறுபக்கம் யூஎஸ்பி-சி துளையுமாக வரும் சிறு மாற்றிகளையும் தரவிதிகள் அனுமதிக்கவில்லை. எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூகுளில் பணியாற்றிய பென்சன் லியூங் என்ற பொறியாளர் 2015இன் பிற்பகுதியில் தொடங்கி, சந்தையில் கிடைத்த யூஎஸ்பி-சி கேபிள்களை வாங்கிச் சோதித்துத் தன் முடிவுகளை எழுதிவந்தார். 2016இன் தொடக்கத்தில், உட்கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் பிக்ஸலையே பழுதாக்கிவிட்டது. அதே ஆண்டில் தரவிதிக்கு உட்படாத யூஎஸ்பி-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தன் விற்பனையாளர்களுக்கு விதித்தது. இன்று நிலைமை எவ்வளவோ மேல் என்றாலும், பெயரில்லாத கேபிள்கள் இன்றும் தெருவில் கிடைக்கின்றன. சார்ஜர் புதிதாக வாங்க நேர்ந்தால் அதன் உடலில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அதே அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் அது யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். பெட்டியில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள்.

அச்சுமை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சார்ஜரை நேரடிப் போர்ட்டுக்கு மாற்றிவிட்டேன். நேற்றுப் பிற்பகல் மின்சாரம் போய்வந்தபோது நகல் ஓடிக்கொண்டிருந்தது, அது நிற்கவில்லை. பேட்டரியும் இறங்கவில்லை. மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட் துளையில் ஒரு நண்பரின் கேபிளைப் போட்டுப் பார்த்ததில் 60 ஹெர்ட்ஸ் வந்தது. எனவே மின்தச்சர் சொன்னபடி 60 ஹெர்ட்ஸும் 5 ஜிகாபிட்டும் ஒருங்கே எழுதப்பட்ட ஹப் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மவுஸுக்கு நீட்டிப்பு கேபிள் சொல்லியிருக்கிறேன். டாக் ஆசையைக் கைவிட்டாயிற்று.

தேடும்போது இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் உள்ள ஹப்புகள் ஏறக்குறைய அதே விலையில் கண்ணில் பட்டன. மூலப் பிரதியை ஒரு திரையிலும் வடிவமைத்த பக்கத்தை மற்றொரு திரையிலும் வைத்துப் பிழை திருத்த எனக்கு வசதியாக இருக்கும். பழைய மானிட்டர் ஒன்று வீட்டிலேயே சும்மா இருக்கிறது. அத்தகைய ஹப்பை வாங்கலாமா? அச்சகத்தில் ஆசிரியர் குழுவுக்குக் காட்ட விஜிஏ என்ற பழைய அனலாக் பட இணைப்புத் துளை மட்டும் உள்ள புரொஜெக்டர்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

மின்தச்சர் எழுதியது:

சார்ஜர் விஷயத்தில் கரிசல்காடு சொன்ன வழியே உங்களுக்குப் பொருத்தமானது. இனி 65 வாட் சார்ஜர் வாங்க வேண்டாம்.

இரண்டு எச்டிஎம்ஐ ஹப்பை அவசரப்பட்டு வாங்காதீர்கள். எம்1 மேக்புக் ஏர் தானாக ஆதரிப்பது ஒரே ஒரு வெளித்திரையைத்தான். 2022இல் வந்த எம்2 ஏரும் அப்படியே. எம்3 ஏரில் மடிக்கணினியை மூடிவைத்தால் இரண்டு வெளித்திரைகளைப் பயன்படுத்தலாம். எம்4இலிருந்துதான் மூடாமலே இரண்டு கிடைக்கின்றன. இது சில்லின் வரம்பு என்பதால் ஹப்பின் விலையைக் கூட்டி இதைத் தாண்ட முடியாது. விலை குறைந்த இரட்டை எச்டிஎம்ஐ ஹப்புகள், ஒரே டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞையை இரண்டாகப் பிரிக்கும் எம்எஸ்டி என்ற முறையை நம்பியிருப்பவை. விண்டோஸில் அவை இரண்டு தனித் திரைகளைத் தரும். மேக் இயங்குதளம் அந்த முறையில் திரையை விரிப்பதில்லை. இரண்டு மானிட்டர்களிலும் ஒரே படம்தான் தெரியும்.

இதற்கு மாற்றாக டிஸ்பிளேலிங்க் என்ற தொழில்நுட்பம் உள்ளது. அதில் படம் மென்பொருளால் சுருக்கப்பட்டுச் சாதாரண யூஎஸ்பி தரவாகச் செல்லும். அடாப்டரில் உள்ள சில்லு அதை மீண்டும் படமாக்கும். எம்1 சில்லின் ஒற்றைத் திரை வரம்பு இதற்குப் பொருந்தாது. அதற்கான செயலியை நிறுவி, திரையைப் பதிவுசெய்யும் அனுமதியை அதற்குக் கொடுக்க வேண்டும். காப்புரிமைப் பாதுகாப்புள்ள திரைப்படத் தளங்கள் கருந்திரையாகத் தெரியும். எம்1 சில்லின் உழைப்பில் ஒரு பங்கு எப்போதும் இதற்குப் போகும். மூலப் பிரதியை அசையாமல் திறந்துவைத்துப் படிக்க இது போதும். நிறம் பார்த்து முடிவெடுக்கும் பக்கத்தை மட்டும் முதன்மை மானிட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரட்டை எச்டிஎம்ஐ உள்ள பெட்டியில் டிஸ்பிளேலிங்க் என்ற பெயர் எங்கும் இல்லையென்றால், அது உங்கள் கணினிக்கானது அல்ல.

விஜிஏவுக்கு யூஎஸ்பி-சியிலிருந்து நேரடியாக விஜிஏ தரும் சிறிய அடாப்டர் ஒன்று போதும். அதில் 1920க்கு 1080 வரை எதிர்பார்க்கலாம். அந்த வழியில் ஒலி வராது என்பதால் ஒலிக்கு ஹெட்ஃபோன் துளையிலிருந்து தனிக் கம்பி வேண்டியிருக்கும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மலிவான முனையை ஹப்பின்மேல் அடுக்கவும் செய்யலாம். ஆனால் டிஜிட்டல் படம் ஒரு முறை எச்டிஎம்ஐயாகி மறுபடி அனலாகாக மாறும்போது ஏதேனும் ஒரு கட்டத்தில் புரொஜெக்டரின் விவரத்தைக் கணினி சரியாகப் படிக்காமல் விட்டால், கூட்டம் காத்திருக்கும் வேளையில் எந்த முனையில் குறை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும். தனி அடாப்டரை வாங்கி, ஆசிரியர் குழு கூடும் நாளுக்கு முன்பே ஒரு முறை அச்சகத்துக்கு எடுத்துப்போய் அதே புரொஜெக்டரில் இணைத்துப் பார்த்துவிடுங்கள்.